நான் தொட்ட இரண்டாவது தோள்

பெயர் சந்திராதேவி, காலஞ்சென்ற கதிரேசுவின் மனைவி. வயது 68. மலாக்கா, தஞ்சோங் கிளிங்கில் மகன் கிருபாலனுடன் குடியிருக்கிறேன். அரசு மருந்தகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் மருந்து கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சங்கிலிப் பறிப்பு வழக்கில் புகார்தாரர் நானே. முன்பு கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்துவதற்காக, யாரும் வற்புறுத்தாமல், இன்று 23.4.2024 காலை 10.15க்கு இன்ஸ்பெக்டர் கணேஸ்வரன் முன் வந்து தமிழில் சொல்கிறேன். பொய் சொன்னதாக என் மீதே வழக்கு வரலாம் என்று அவர் முதலிலேயே எச்சரித்தார். விளங்குகிறது என்றேன்.

கடந்த 14.3.2024 காலை ஏழு மணிக்குப் பிறகு கடற்கரைச் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மோட்டார் சைக்கிளில் இருவர் வந்தனர். பின்னால் இருந்தவன் என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். நான் விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. இருவரும் தலைக்கவசம் போட்டு, கறுப்புக் கண்ணாடியை இறக்கி விட்டிருந்தார்கள். இழுத்தவன் கருநீலச் சட்டை அணிந்திருந்தான், அதன் கையில் ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்று இருந்தது. நான் கண்டது அவ்வளவுதான். ஆனால் அன்று புகாரை எழுதிய சார்ஜன் தனபாலன் ஆளை அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டபோது, ஒருமுறை பார்த்தவரை நான் மறப்பதில்லை என்று சொன்னேன்.

அதன் பின்னர் 22.3.2024 பிற்பகல் மூன்று மணிக்கு அடையாள அணிவகுப்புக்கு அழைத்தார்கள். ஓர் அறையில் ஒன்பது ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பறித்தவன் இருந்தால் தோளைத் தொட வேண்டும் என்று சார்ஜன் சொன்னார். நான் தாமதிக்கவில்லை. நான்காவதாக நின்றவரின் தோளில் கை வைத்தேன். ஆரஞ்சுப் பட்டை போட்ட சட்டை அவர் மேல்தான் இருந்தது.

அவர் வடிவேலு. நிலையத்துக்கு எதிரேயுள்ள உணவுக்கடையில் ரொட்டி போடுபவர், வரிசையை நிரப்ப அழைத்து வரப்பட்டவர். போலீஸ் பிடித்து வைத்திருந்த பவன் என்ற இளைஞன் ஐந்தாவதாக நின்றான். நான் உள்ளே வருமுன் அவன் வடிவேலுவிடம் கேட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டானாம். அதற்கு அவனுக்கு உரிமை உண்டென்று பின்னர் அறிந்தேன். அப்போது சார்ஜன் என் காதருகே வந்து, "ஆண்டி, அவன் இல்ல லா. சட்டைய மாத்திக்கிட்டாங்க. பக்கத்துல நிக்கிறவனப் பாருங்க" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை பேர் முன்னால் பிழை விட்டேனே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. பவன் மெதுவாக, "ஆண்டி, என் மூஞ்சிய ஒரு வாட்டி பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான். நான் பார்க்கவில்லை. வடிவேலுவின் தோளிலிருந்த கையை எடுத்து அவன் தோளில் வைத்தேன். அதன் பின்னர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒரு தோள்தான், பவனுடையது மட்டும், எழுதப்பட்டிருந்தது. வாசித்துத்தான் கையெழுத்திட்டேன்.

ஏன் அப்படித் தொட்டீர்கள் என்று இன்ஸ்பெக்டர் இப்போது கேட்கிறார். மருந்தகத்தில் காலையில் கூட்டம் அலைமோதும். முகம் பார்க்க நேரம் ஏது? கோடு போட்ட சட்டை இரத்த அழுத்தம், பச்சைச் சட்டை நீரிழிவு என்று மனதில் வைத்துக்கொண்டுதான் கொடுப்பேன். ஒருவர் மருந்து இன்னொருவர் கைக்குப் போனதில்லை. அந்தத் தலைக்கனம் என்னிடம் இன்னும் இருக்கிறது.

அதன் பின்னர் 16.4.2024 அன்று நீதிமன்றத்துக்குப் போனேன். புகார்தாரர் சற்றும் தயங்காமல் இவரையே தொட்டார் என்று சொல்லி அரசுத் தரப்பு ஜாமீனை எதிர்த்தது. ஜாமீன் கிடைக்கவில்லை. பவனுக்கு வயது 22. பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை. குற்றம் நிரூபணமானால் பல வருடச் சிறையும் பிரம்படியும் உண்டு என்று என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். திரும்பும் வழியில் அந்தத் தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்தச் சொன்னேன். வேலை முடிந்து வெளியே வந்த அத்தனை பேரும் கருநீலச் சட்டை, கையில் ஆரஞ்சுப் பட்டை. எண்ணத் தொடங்கி, முப்பதோடு நிறுத்திவிட்டேன்.

காரில் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கணக்காய்வாளன், எதையும் நிதானமாகப் பேசுகிறவன். "அம்மா, இனி வாயைத் திறக்காதீங்கோ. இப்ப மாத்திச் சொன்னா உங்களத்தான் உள்ள வைப்பாங்க" என்றான். ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. பயம்தான் காரணம், இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இன்று அவனிடம் சொல்லாமல் வாடகைக் காரில் வந்தேன்.

இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. முடிவில், "பறித்தவர் பவன்தானா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் உள்ளது" என்று எழுதியிருந்தது. அந்த வரியை அடிக்கச் சொன்னேன். சந்தேகம் என்றால் அவன் பாதிக் குற்றவாளியாகவே உள்ளே இருப்பான். "பறித்தவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. தெரிந்துதான் தவறாகத் தொட்டேன்" என்று எழுத வைத்து, ஓரத்தில் கையெழுத்திட்டேன். இதில் நான் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. நடந்தது இதுவே.

(ஒப்பம்) க. சந்திராதேவி