தீர்மானத்தில் நிற்கும் ஒரு வார்த்தை

மேடையில் இருக்கும் நிர்வாக மேலாளர் அவர்களே, ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும், மறைந்த எங்கள் பிரிவுத் தலைவியின் கணவர் அவர்களே, தலைவியின் தங்கை அவர்களே, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்பவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு உடம்பும் அசதி, மனதும் அசதி. சங்கத் தலைவரைப் போல முழங்க எனக்குத் தெம்பில்லை. எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவருடைய படத்தைத்தான் இந்த மேசையில் வைத்திருக்கிறோம்.

முதுநிலை மொழிபெயர்ப்பாளர், எங்கள் பிரிவின் தலைவி, நீங்கள் எல்லோரும் 'ஒரு நிமிஷம் அம்மா' என்று கூப்பிட்டவர், போன வாரம் இந்தக் கட்டடத்தின் பின்படிக்கட்டில் விழுந்து இறந்துபோனார். கூட்டம் முடியும்போது ஓர் இரங்கல் தீர்மானம் வாசிக்க வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதி நிர்வாகம் இன்று காலை என்னிடம் தந்தது. தமிழாக்கி வாசிப்பது என் பொறுப்பு. எல்லா வரியும் முடிந்துவிட்டது, ஒரே ஒரு வார்த்தை மட்டும் நகர மறுக்கிறது. அது என்ன வார்த்தை என்று சொல்வதற்கு முன் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஏன் அந்தப் பட்டப்பெயர்? எந்தத் தாள் மேசைக்கு வந்தாலும் முதலில் "ஒரு நிமிஷம்" என்பார். அந்த நிமிஷம் எங்கள் சாப்பாட்டு நேரத்தை விழுங்கும், சில நாள் கடைசி பஸ்ஸையும் விழுங்கும். எத்தனை முறை நான் சலித்துக்கொண்டேன்! "ஏதாவது ஒண்ணைப் போட்டு அனுப்புங்கம்மா, யாரு படிக்கப் போறா?" என்று எத்தனை முறை கெஞ்சினேன்!

"படிக்கிறவன் ஒருத்தன் இருக்கான் சார். இல்லன்னா நமக்கு எதுக்குச் சம்பளம்?" என்பார். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளப் புறப்படுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. இன்வெஸ்டிகேட், எக்ஸ்ப்ளோர், எக்ஸாமின், இன்க்வயர் என்று அண்ணன் தம்பிகள், ஒன்றுவிட்டவர்கள் எல்லாம் உண்டு. என்னைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் 'ஆய்வு' என்று எழுதிக் கை கழுவிவிடுவோம். அம்மா விடுவாரா? எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் தடிமனான அகராதியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனார்.

"எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கு மேடம்."

"அதை மூடி வைம்மா. இந்த வார்த்தையைக் கேட்டா யாரு பயப்படுவாங்க, அதைச் சொல்லு."

இதுதான் தோழர்களே, அவருடைய முறை! இன்வெஸ்டிகேட் என்றால் எங்கோ ஒருவர் பயப்பட வேண்டும். ஏதோ நடந்திருக்கிறது, யாரோ பதில் சொல்ல வேண்டும். எக்ஸாமின் என்றால் பொருள் கண்ணெதிரே இருக்கிறது, விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிறோம். இன்க்வயர் என்றால் வாசலில் நின்று கேட்பது, சொன்னால் கேட்டுக்கொண்டு வருவோம், சொல்லாவிட்டால் சும்மா வருவோம். எக்ஸ்ப்ளோர் என்றால்? என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத இடத்துக்குள் போய்ப் பார்ப்பது. அதில் யாருக்கும் பயமில்லை. "நல்ல வார்த்தைதான், பாவம். தப்பான வேலையில சேர்த்துவிடாதீங்க" என்பார்.

அதற்காக வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பவரும் அல்ல. ஒருமுறை ஒரு லாரி டிரைவர், தன் மனைவியின் ஆஸ்பத்திரிக் கடிதத்தைத் தமிழாக்கித் தரச் சொல்லி எங்களிடம் வந்தார். வயிற்றை எக்ஸ்ப்ளோர் செய்யப் போவதாக டாக்டர் எழுதியிருந்தார். பக்கத்து மேசைக்காரர் 'பரிசோதிப்போம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டிரைவருக்கு ஒரே சந்தோஷம். "அப்போ சாயங்காலமே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரலாம்" என்று கிளம்பிவிட்டார்.

அம்மா எழுந்து போய்க் கதவருகே அவரை நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க எக்ஸ்ப்ளோர் பண்றப்போ கையில கத்தி இருக்குமா, இருக்காதா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் டாக்டர் கத்தியது எங்களுக்கே கேட்டது. பிறகு, "இருக்கும்மா, திறந்து பார்த்தாதான் தெரியும்" என்றாராம்.

டிரைவரை உட்கார வைத்து, ஆபரேஷன் என்று சொன்னதும் அம்மாதான். "என்ன இருக்குன்னு அவங்களுக்கே இன்னும் தெரியல. நீங்க பக்கத்துல இருங்க" என்றார். அந்த மனிதர் அங்கேயே அழுதார். அன்று நான் மறுபடியும் பஸ்ஸைத் தவறவிட்டேன். அந்தத் தடவை சலித்துக்கொள்ளவில்லை.

இப்போது அந்தப் படிக்கட்டுக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியுமா?

நம் கட்டடத்தின் லிப்ட் வேலை செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். பின்படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி, திருப்பத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பிடித்தால் கூடவே வரும். அம்மா புகார் எழுதினார். பதில் வந்தது: மாற்று வழிகளை எக்ஸ்ப்ளோர் செய்துகொண்டிருக்கிறோம். திரும்ப எழுதினார். அதே பதில். அறிவிப்புப் பலகைக்காக அந்தப் பதிலைத் தமிழாக்க வேண்டியவரும் அவர்தான். என்ன கொடுமை!

"போறவங்க திரும்பி வந்தே ஆகணும்னு இந்த வார்த்தையில கட்டாயம் இல்ல சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் விழுந்த மறுநாளே வெல்டர் வந்தார். பழைய கைப்பிடியை அறுத்தெடுத்து எங்கேயோ கொண்டுபோனார்கள். புதிதாக ஒன்று பளபளவென்று நிற்கிறது. ஆக, வழி தெரியாமல் இல்லை! தேடவும் வேண்டியிருக்கவில்லை! மயக்கம் வந்து விழுந்துவிட்டார் என்று அலுவலகத்தில் பேச்சு வேறு உலவுகிறது.

அவருடைய கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். வீட்டுக்குப் போயிருந்தபோது அழக்கூட இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் கேட்டார்: "சார், அவ விழுந்தாளா, கைப்பிடி விழுந்துச்சா? எனக்குப் பணம் காசு வேணாம். இது மட்டும் தெரிஞ்சா போதும்."

தெரியாது என்றேன். வேறு என்ன சொல்வது!

இனி அந்த வார்த்தை. தீர்மானத்தின் கடைசி வரியில், இந்தத் துயரச் சம்பவத்தின் சூழ்நிலைகளை நிர்வாகம் எக்ஸ்ப்ளோர் செய்யும் என்று இருக்கிறது. காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தமிழில் 'விசாரிக்கும்' என்று நானே எழுதிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? நீங்கள் கைதட்டுவீர்கள், அவர் கணவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஆனால் மூலத்தில் இல்லாததை எழுதினால் அது பொய். நாளைக்கு ஆங்கிலத் தாளைக் காட்டி, நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்பார்கள். அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இத்தனை காலம் உட்கார்ந்தவன் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டேன்.

உள்ளபடியே எழுதினால்? 'நிர்வாகம் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரும்' என்று அவர் கணவரின் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். அதுவும் என்னால் ஆகாது.

விசாரணை என்றால் அறுத்தெடுத்த கைப்பிடி எங்கே என்று கேட்க வேண்டும். புகார்கள் யாருடைய மேசையில் கிடந்தன என்று கேட்க வேண்டும். கேட்டவருக்கு இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளோர் என்றால் ஒன்றையும் கேட்க வேண்டியதில்லை. வித்தியாசம் இவ்வளவுதான் தோழர்களே! இதற்காகத்தான் அந்த அம்மா நம் பஸ்ஸையெல்லாம் தவறவிட வைத்தார்!

எங்கள் பிரிவின் சார்பில் ஓர் உறுதி தருகிறேன். பெரிய உறுதி ஒன்றும் இல்லை, பெரிதாகச் செய்ய எங்களுக்குத் தெம்பும் இல்லை. எந்தத் தாள் வந்தாலும், யார் பயப்பட வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவோம். அதை இந்தத் தாளிலிருந்தே ஆரம்பிக்கிறோம். இந்த வரி இப்படியே இருந்தால் எங்களில் ஒருவரும் இதைத் தமிழாக்க மாட்டோம்.

மேலாளர் அவர்களே, நீங்கள் கெட்டவர் அல்ல. அம்மாவின் வீட்டுக்கு முதலில் ஓடி வந்தவர்களில் நீங்களும் ஒருவர். காலையில் நான் தயங்கியபோது, "ரெண்டும் ஒண்ணுதானே சார், எதுக்கு இவ்வளவு யோசனை?" என்று கேட்டீர்கள். அதற்கான பதில் இப்போது வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்றால், ஐயா, எக்ஸ்ப்ளோரை அடித்துவிட்டு இன்வெஸ்டிகேட் என்று எழுதுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

இதோ தாள், இதோ பேனா. அவருடைய கணவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு முழங்கால் வலிக்கிறது, நிற்க முடியவில்லை. இருந்தாலும் நீங்கள் எழுதித் தரும் வரை இந்த மைக்கை விட்டு நகர மாட்டேன்.