காய்ச்சல்காரர் ரொட்டி

ரொட்டியை ஈரத்துணியில் மட்டும் சுற்றி வைக்காதீர்கள், ஐயா. பூசணம் பூத்துவிடும். உலர்ந்த வேட்டித் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியை இறுக்காமல் விட்டால் நம் கோவில்பட்டி வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கும். என் வீட்டுக்காரர் எபநேசர் எப்படிச் செத்தார் என்றுதானே கேட்டீர்கள்? அதற்குத்தான் வருகிறேன். ரொட்டியை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு முன் கொழும்பில் ஒரு துரைசானி வீட்டில் சமையல் வேலை பார்த்தேன். அங்கே கற்றுக்கொண்டது. ஈஸ்ட்டு கீஸ்ட்டு எதுவும் வேண்டாம். புளித்த மாவில் ஓர் உருண்டையை ஜாடியில் எடுத்து வைத்து, தினம் கொஞ்சம் மைதாவும் தண்ணீரும் கொடுத்தால் போதும், அது உயிரோடு இருக்கும். மணல் பரப்பிய சட்டியில், மேலும் கீழும் கங்கு போட்டுச் சுடுவேன். ரொட்டி காய்ந்து விறைத்துப்போனாலும் கவலையில்லை. தண்ணீர் தெளித்து, இட்லிக் கொப்பரையில் ஓர் ஆவி காட்டி, தோசைக்கல்லில் புரட்டினால் அன்று சுட்டது மாதிரியே இருக்கும்.

ஆனால் யார் தின்றார்கள்? இந்த ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரன் சாப்பாடு. பக்கத்து வீட்டுப் பேபியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "யக்கா, எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான இருக்கோம்" என்று வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இவரோ தட்டைத் தள்ளிவிட்டு, "ஏட்டி, நான் என்ன சீக்காளியா? சோத்தப் போடு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆடியில் அவருக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. பாலில் நனைத்து ஊட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, வேதமணி. இன்னொரு துண்டு தா" என்றார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் என் ரொட்டியைக் கேட்டு வாங்கித் தின்றது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் பாழாய்ப்போன காய்ச்சல் விட்டது. மறுநாளே சோறு கேட்டார்.

பருத்திக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தது. ரசத்தில் துளியூண்டு விட்டேன். வயிறு கலங்கிப் படுத்துக்கொண்டார். டாக்டரும், "ரொட்டியே குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எழுந்து நடமாட ஆரம்பித்தால் மறுபடி ஒரு துளி. கிறிஸ்துமஸ் வரை நிம்மதியாகப் போனது. அவரும் மெலிந்து சாதுவாகி, நான் பிட்டுக் கொடுத்ததையெல்லாம் தின்றார். சண்டை சச்சரவு கிடையாது.

போன வாரம் கொஞ்சம் தெம்பு வந்ததும், "புதூர்ல அக்கா வீட்டுக்குப் போறேன். அங்கன போயி நாலு நாள் கம்மங்கஞ்சி குடிச்சாத்தான் இந்த உடம்பு தேறும்" என்றார். என் ரொட்டியைவிடக் கம்மங்கஞ்சி உசத்தியாம். அன்றைக்கு ரசத்தில் அளவு பார்க்கவில்லை.

நான்தான் கொன்றேன், ஐயா. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் ஆள் என் ரொட்டியையும் சோதனைக்கு எடுத்துப் போகிறாரே, அது எதற்கு? அதில் ஒரு துளி விஷம் இருக்காது. நாலு பேர் ஆசையாய்த் தின்கிற பண்டம். அதில் போய் யாராவது கலப்பார்களா?