பதினோரு மணித் தண்ணி

— இது எங்க கெணறு இல்ல சுகன்யா. எங்க கெணத்துக்குக் கூரையெல்லாம் கெடையாது.

— தெரியுது டீச்சர். கெணறுன்னு சொன்னாலே இந்த ஏஐ வெளிநாட்டுக் கெணத்தைப் போட்டுடுது. ஓட்டுக் கூரை, ஒரு வாளி, பக்கத்துல ரோஜாச் செடி. ஒரு நிமிசம், திருத்திச் சொல்றேன். “தமிழ்நாட்டு வயக்காட்டுக் கெணறு, மேலேர்ந்து எட்டிப் பாக்குற மாதிரி, நீச்சல் டிரெஸ்ல பிரிண்ட் போடுற டிசைன்.” இந்தாங்க, வந்துடுச்சு.

— இது யாரும்மா, இடுப்புல கொடத்தோட?

— அது தானாச் சேத்துக்குது ஐயா. தமிழ்நாடுன்னா அதுக்கு ஒரு பொண்ணும் ஒரு கொடமும் வேணும்.

— அண்ணே, இந்தப் பொண்ணு கொடத்தோட என் முதுகுல நின்னா நான் எப்படி நீந்துறது?

— நான் சொல்றதைக் கேளு கலை. இதெல்லாம் எதுக்கு? இந்தப் பொண்ணு தச்சு மாட்டியிருக்குற டிரெஸ்ஸெல்லாம் பாரு. மயிலு, வாழையெல, என்னமோ மீனு. நீலத்துல ஒண்ணு எடுத்துக்கிட்டுக் கெளம்பு. அரியலூர் பஸ்சு மூணு மணிக்கு.

— அட போண்ணே. எனக்கு நம்ம கெணறுதான் வேணும். போட்டியில நிக்கிறப்ப அது என் ஒடம்பு மேல இருக்கணும்.

— போட்டியா? சொல்லவே இல்லியே டீச்சர். சும்மா நம்ம பெரம்பலூர் நீச்சல் குளத்துக்குப் போடன்னுல்ல நெனச்சேன்!

— அங்கதாம்மா ஆறு மாசமா வரேன். முட்டி வலிக்கு நீந்துங்கன்னு டாக்டர் சொன்னாரு. மொத நாள் நான் எறங்கி ஒரு சுத்து வந்ததும் அங்க கத்துக்குடுக்குற பொண்ணு, ‘எங்க டீச்சர் பழகுனீங்க?’ன்னு கேட்டுச்சு. உடையார்பாளையம் பக்கம், வயக்காட்டுக் கெணத்துலன்னேன். அடுத்த மாசம் திருச்சியில அம்பது வயசு தாண்டுனவங்களுக்குப் போட்டி. அந்தப் பொண்ணே என் பேரைக் குடுத்துடுச்சு.

— சூப்பர் டீச்சர்! அப்ப கை முழங்கை வரைக்கும், கால் முட்டிக்குக் கீழ வரைக்கும் வச்சுத் தச்சுடுவோம். ஒடம்போட ஒட்டி நிக்கிற துணி, தண்ணி குடிக்காது. டிசைனுதான் பாக்கி. கெணத்து போட்டோ பழசு ஏதாவது இருந்தா குடுங்க, ஒரே நிமிசத்துல முடிச்சுடலாம்.

— போட்டோவும் இல்ல, கெணறும் இல்ல. சுண்ணாம்புக்கல்லு எடுக்க அந்தப் பக்கத்து நெலமெல்லாம் போயிடுச்சு. கெணறு இருந்த எடத்துல இப்ப பெரிய பள்ளம். அடியில லாரி நின்னா தீப்பெட்டி மாதிரி தெரியுது.

— பள்ளத்தைப் பாக்கப் போனியா கலை?

— போனேன். நீ?

— நான் போவல. சரி, இந்தாம்மா, அதைத் திருத்து. வட்டமாப் போட்டிருக்கு பாரு. எங்களுது சதுரக் கெணறு. அதாவது கெழக்குப் பக்கம் கொஞ்சம் சரிஞ்சாப்புல இருக்கும். செவுத்துலேர்ந்து கல்லுப் படி நீட்டிக்கிட்டு இருக்கும், பதிமூணு. ஏழாவது படி பாதி ஒடஞ்சது.

— ஆறாவதுண்ணே.

— ஏழாவது. அதுலதானே நான் மோவாயைப் பேத்துக்கிட்டேன். இந்தா, தழும்பு.

— தண்ணி எறைக்கிற கமலைக் கல்லுலேர்ந்து தலைகீழாக் குதிக்கிறேன்னு போயி! அம்மா மஞ்சளை வச்சு அழுத்திக்கிட்டே அடிச்சுச்சு, ஞாபகம் இருக்கா? அப்புறம் எழுது சுகன்யா, செவுத்துல கல்லுநத்தை இருக்கும்.

— நத்தையா டீச்சர்?

— கல்லாவே போன நத்தை. எந்தக் காலத்துலயோ இந்தச் சீமையெல்லாம் கடலா இருந்துச்சாம். கெணறு வெட்டுனப்ப செவுரு பூரா சுருள் சுருளா வந்துச்சு. ஒண்ணு என் கையகலம் இருக்கும். நீந்திக் களைச்சா அதுலதான் வெரலை மாட்டிக்கிட்டுத் தொங்குவேன்.

— ஹையோ, இது பிரமாதமா வரும் பாருங்க. இந்தாங்க! சுருளெல்லாம் எப்படி விழுந்திருக்கு?

— விழுந்திருக்கு. ஆனா தண்ணி தப்பு. இது ஓட்டல் குளத்து நீலம்.

— என்ன கலருன்னு சொல்லுங்க டீச்சர்.

— அது ஒரு கலரு இல்லம்மா. காலையில எட்டிப் பாத்தா கறுப்பா இருக்கும். பதினோரு மணிக்கு மேல வெய்யிலு நேரா உள்ள எறங்கும் பாரு, அப்ப அடித்தரை வரைக்கும் பச்சை. புளியங்கொழுந்துப் பச்சை. ஒரு மணி நேரந்தான். அதுக்காகவே லீவு நாள்ல பத்தே முக்காலுக்குக் கெணத்து மேட்டுல காத்துக் கெடப்போம்.

— “புளியங்கொழுந்துப் பச்சைத் தண்ணி.” ஐயய்யோ டீச்சர், புளியம்பழத்தை மெதக்க விட்டுடுச்சு!

— நான் சொல்றேம்மா, எழுது. பச்சை, அதுக்குள்ள மஞ்சள் கோடு. கோடு நிக்காது, நெளிஞ்சுக்கிட்டே கெடக்கும். தண்ணியில இவ தாவணியக் கட்டிக்கிட்டுக் குதிச்சான்னா அந்தக் கோடெல்லாம் ஒடஞ்சு செவுத்துல ஏறும். நத்தை மேலயெல்லாம் வெளிச்சம் ஓடும். அப்படிக் கேளு.

— கேட்டுட்டேன் ஐயா. ஒரு நிமிசம். இது?

— அண்ணே.

— ம்.

— இதுதாண்ணே.

— ஆமா. இதுதான்.

— ஐயா, ஏன் எந்திரிச்சுட்டீங்க? தண்ணி வேணுமா?

— ஒண்ணுமில்லம்மா. கண்ணாடி புழுதியா இருக்கு, தொடைக்கிறேன். அதாவது, இதை முப்பத்தாறு வருசத்துக்கு முன்னாடியே இவ போட்டிருக்கணும். இவ அப்ப பத்தாவது. உடையார்பாளையத்துலேர்ந்து ஒரே ஒரு பொண்ணைத்தான் திருச்சிப் போட்டிக்கு எடுத்தாங்க. இவளைத்தான். நீச்சல் டிரெஸ் இல்லாம எறங்க விட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. நான்தான் திருச்சிக்குப் போயி வாங்கியாந்தேன்.

— தங்கச்சிக்கு நீச்சல் டிரெஸ்ஸா! அந்தக் காலத்துலயா ஐயா?

— எனக்குப் பத்தொம்பது வயசு. மெயின்கார்டு கேட்டுல கடை வாசல்லயே முக்கால் மணி நேரம் நின்னேன். உள்ள போயி, என் தோள் ஒசரம் இருப்பான்னு அளவு காட்டுறேன், கடைக்காரரு சிரிக்கிறாரு. கருநீலம், ஓரத்துல வெள்ளைப் பட்டை. பேப்பர்ல நாலு சுத்துச் சுத்திக் கொண்டாந்தேன்.

— விடுண்ணே, அந்தக் கதை எதுக்கு? சுகன்யா, நீ அளவு எடு.

— ஏன், சொன்னா என்ன? அடுத்த நாளே அப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சும்மா. வெந்நீர் அடுப்புல போட்டுக் கொளுத்திட்டாரு. என்னை மாட்டுக் கயித்தால அடிச்சாரு. வயசுக்கு வந்த பொண்ணை அம்மணமா நிக்க வைக்கப் பாத்தியாடான்னு கேட்டுக் கேட்டு அடிச்சாரு. அன்னிக்கே திருப்பூருக்குப் பஸ் ஏறினவன்தான். பதினோரு வருசம் கழிச்சு அப்பா செத்ததுக்குத்தான் வூட்டுக்கு வந்தேன். இவ கல்யாணத்தைக்கூட நான் பாக்கல.

— ஐயோ. எப்படித் தெரிஞ்சுச்சு ஐயா உங்கப்பாவுக்கு?

— எல்லாம் அந்தப் பாவாடை பண்ணுன வேலை.

— பாவாடையா?

— ஆளு பேரும்மா. பாவாடைராயன் சாமிக்கு நேந்து வச்ச பேரு. அடுத்த காட்டுக்காரன், என் கூட்டாளி. அந்தக் கெணத்துலதான் எங்க மூணு பேருக்கும் நீச்சல். திருச்சிக்கு என்கூட வந்தவன் அவன் ஒருத்தன்தான். விசயம் தெரிஞ்சது நான், இவ, அவன். நான் சொல்லல. அப்ப யாரு?

— அண்ணே, போதும்.

— அதோட அவன் மூஞ்சியில முழிக்கல. எத்தனையோ தடவை ஆளு விட்டான், பத்திரிகை அனுப்புனான். போன தையில செத்துட்டான்னு போன் வந்துச்சு. ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். மாலை கூட வாங்கிட்டேன். அப்புறம் மனசு வரல. மாலையை அங்க பெஞ்சுலயே வச்சுட்டுத் திரும்பிட்டேன்.

— போனியா? மாலையோட போனியாண்ணே? நீ சொல்லவே இல்லியே.

— என்னத்தச் சொல்றது? விடு. இப்ப இதைப் போட்டுக்கிட்டு திருச்சியில நீ ஜெயிச்சு வா. அந்தத் துரோகிக்கு அதுதான் பதிலு.

— அவரைத் துரோகின்னு சொல்லாத.

— ஏன், நீ எதுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர?

— சொல்லாதண்ணே. அவர் சொல்லல.

— டீச்சர், அளவை அப்புறம் எடுத்துக்கலாம். உக்காருங்க.

— இல்ல சுகன்யா, நின்னுக்கிட்டே சொல்றேன். உக்காந்தா திரும்பவும் சொல்லாமப் போயிடுவேன். அண்ணே, நீ அந்தப் பொட்டலத்தைக் குடுத்தல்ல, அன்னிக்கு நெல்லு ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டுப் பாத்தேன். கால் முழுசும் வெளிய தெரியுது. எனக்கே என்னைப் பாக்கக் கூசுச்சு. கெணத்துல நம்ம மூணு பேரு. அங்க எத்தனை கண்ணு இருக்குமோன்னு பயந்துட்டேன்.

— அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— எப்படிச் சொல்லுவேன்? நீ அவ்ளோ சந்தோசமா இருந்த. என் தங்கச்சி திருச்சிக்குப் போறா, திருச்சிக்குப் போறான்னு மாட்டுக்கிட்டகூடச் சொல்லிக்கிட்டு திரிஞ்ச. அப்பாவே வேணாம்னு சொல்லிட்டா ஒன் மனசு கோணாம நின்னுடலாம்னு நெனச்சேன். பதினஞ்சு வயசுப் புத்தி. விடிஞ்சதும் அந்தப் பொட்டலத்தை அப்பா கையில நான்தாண்ணே கொண்டுபோய்க் குடுத்தேன். ஒன்னை அடிப்பாருன்னு சத்தியமாத் தெரியாது. அப்புறம் நீ போயிட்ட. ஒரு வருசம் போச்சு, பத்து வருசம் போச்சு. நீ பாவாடை அண்ணன் மேல பழியைப் போட்டுட்டேன்னு தெரிஞ்சப்பகூட எனக்கு வாய் வரல.

— ஐயா, டீச்சரைப் பாருங்க.

— திட்டுண்ணே. அடிக்கக்கூடச் செய். பாவம், அவர் நான் இல்லடா, நான் இல்லடான்னு ஒன்கிட்ட எத்தனை சத்தியம் பண்ணியிருப்பாரு. நீ ஒண்ணையும் நம்பியிருக்க மாட்ட.

— சத்தியமா? அவன் எங்க சத்தியம் பண்ணுனான்? பஸ் ஏறுறதுக்கு முன்னாடி சட்டையப் புடிச்சு, நீயாடா சொன்னேன்னு கேட்டேன். நம்ம வூட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தான். அப்புறம், ‘ஆமாண்டா, நான்தான் சொன்னேன், கலைக்கிட்ட மட்டும் நீ ஒண்ணும் கேட்டுடாத’ன்னு சொன்னான்.