வெறும் வயிற்றோடு வரச் சொன்னவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மூத்த பல் மருத்துவர் ராசாங்கம் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பல் மருத்துவ நண்பர்களே, அரியலூரிலிருந்து வந்திருக்கும் மயக்க மருந்து நிபுணர் டாக்டர் வேம்பு அவர்களே, துபாயிலிருந்து ஓடி வந்தும் மனைவி மர்ஜியாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போன அன்சார் பாய் அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் மணிவண்ணன். பெரம்பலூரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருப்பவன். எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டர் மர்ஜியாவை விளக்கு என்றார்கள், மலர் என்றார்கள். அவர் உயிரோடு இருந்தபோது இதே ஊரில் என்னவென்று சொன்னார்கள்? ராசியில்லாத டாக்டர் என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. கோபமாகத்தான் பேசப்போகிறேன். பொறுக்க முடியாதவர்களுக்கு வெளியே டீ இருக்கிறது.

மர்ஜியா லப்பைக்குடிக்காட்டுப் பெண். மயக்க மருந்து படித்தவர். பெரிய ஊர்களின் பெரிய ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டும் போகாமல், நம்முடைய பல் கிளினிக்குகளுக்கு வந்தார். எதற்கு? நாற்காலியைப் பார்த்தாலே நடுங்குகிறவர்களுக்கு, வாயைத் திறக்கச் சொன்னால் புரியாத பிள்ளைகளுக்கு, வலி தெரியாமல் வைத்தியம் நடக்க வேண்டும் என்பதற்கு. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லி மருந்தை ஏற்றுவார். அதன்பின் அவர் கண் மூச்சிலும் நாடியிலும்தான் இருக்கும். "தூங்க வைக்கிறது பெரிய காரியமில்ல சார். எழுப்பி வூட்டுக்கு நடந்து போக வைக்கணும், அதான் வேலை" என்பார்.

நம் கிளினிக் வாசலிலெல்லாம் ஒரு போர்டு இருக்கிறது. 'பல் எடுக்க வருவோர் சாப்பிட்டுவிட்டு வரவும்.' ஈறில் போடும் மரப்பு ஊசிக்கு அது சரி. ஆளையே தூங்க வைக்கும் மருந்துக்கு அது எமன். வயிற்றில் இருக்கும் சோறு மேலே வந்து நுரையீரலில் இறங்கிவிடும். ஆனால் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்ப நம் வீடுகளில் யாருக்கு மனசு வரும்? ரகசியமாக நாலு இட்லி ஊட்டித்தான் பஸ் ஏற்றுவோம்.

அதனால் மர்ஜியா "சாப்டீங்களா?" என்று கேட்கவே மாட்டார். நம் ஊரில் அது நலம் விசாரிக்கிற கேள்வி. மரியாதைக்கு ஒரு பதில் வரும். "கடைசியா என்ன வாயில போட்டீங்க, எப்ப?" என்றுதான் கேட்பார். சாப்பிட்டது தெரிந்தால் திருப்பி அனுப்புவார். அதற்கு எத்தனை ஏச்சு! "வந்தவங்களைத் திருப்பி அனுப்புறதுக்கு இவங்க எதுக்கு?" என்று கேட்டவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள்.

குன்னத்துச் சாமிக்கண்ணு அண்ணன் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அண்ணே, எழுந்திருக்க வேண்டாம், கேட்டால் போதும். கடைவாய்ப் பல்லுக்குப் பயந்து, தூங்க வைத்து எடுக்கச் சொன்னீர்கள். நீங்கள் போன கிளினிக்கின் பல் டாக்டர், மர்ஜியாவைக் கூப்பிடவில்லை. தானே மருந்தை ஏற்றினார். நீங்கள் பழைய சோறு சாப்பிட்டு வந்திருந்தீர்கள். அவர் கேட்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, உள்ளே ஆக்சிஜன் இல்லை. நீங்கள் நீலம் பாரித்த பிறகுதான் போன் வந்தது. மர்ஜியா என் கிளினிக்கில் இருந்தார். இருவரும் என் காரில் பறந்தோம். அவர்தான் உங்கள் தொண்டையை உறிஞ்சிச் சுத்தம் செய்து, குழாய் போட்டு, மூச்சு கொடுத்தார்.

நீங்கள் கண் விழித்தபோது எதிரே நின்றது மர்ஜியா. அதனால் "இந்தம்மாதான் என்னைக் கொல்லப் பார்த்துச்சு" என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். உங்கள் மீது எனக்குக் கோபமில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாரே அந்த டாக்டர், அவர் மீதுதான் கோபம். இன்று இங்கே இருப்பதிலேயே பெரிய மாலை அவர் கொண்டுவந்தது.

நான் ஊரில் உண்மையைச் சொல்லப் போனபோது மர்ஜியாதான் தடுத்தார். "வேணாம் சார். அவர் கிளினிக்கை மூடிட்டா அந்தப் பக்கத்து சனங்க பல்வலிக்கு எங்க போவாங்க?" என்றார். இப்போதும் அவர் சொல்லுக்காகத்தான் பெயரை விழுங்குகிறேன். அந்தப் புரளிக்குப் பிறகு என்னைத் தவிர யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மயக்க மருந்தே ஆபத்து என்று ஊர் முடிவு செய்தது. ஆபத்து மருந்தில் இல்லை ஐயா. தலைமாட்டில் ஆள் இல்லாமல் அதை ஏற்றுகிற திமிரில் இருக்கிறது.

ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஜோதியம்மா அதோ கதவோரம் நிற்கிறார். அவருடைய பெண்ணுக்குப் பேச்சு வராது. பல்வலி வந்தால் தன் கையைத் தானே கடிக்கிறாள். முதல் தடவை இட்லி ஊட்டி அழைத்து வந்ததால் மர்ஜியா திருப்பி அனுப்பினார். அதற்குள் இந்தப் புரளி பரவி, ஜோதியம்மா பயந்துபோய் வரவே இல்லை. மர்ஜியா ஆண்டிமடத்துக்கே போய் உட்கார்ந்து பேசி, வருகிற புதன்கிழமை என் கிளினிக்குக்கு வரச் சம்மதிக்க வைத்தார். போன வெள்ளிக்கிழமை அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

உள்ளே வரும்போது ஜோதியம்மா என்னை நிறுத்தினார். "சார், பொதங்கெழம காலையில புள்ளைக்குச் சோறு குடுக்கட்டுமா, வேணாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் மேடை ஏறினேன்.

டாக்டர் வேம்பு அவர்களே, பல் கிளினிக்குக்கு வந்து பேரைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன் என்று மர்ஜியாவிடமே போனில் சொன்னீர்கள். என் கிளினிக்கில் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது. மானிட்டர் இருக்கிறது. தலைமாட்டில் அவர் உட்கார்ந்த ஸ்டூலும் இருக்கிறது. அதில் ஆள் உட்காராமல் ஒருவரையும் தூங்க வைக்க மாட்டேன் என்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். புதன்கிழமை வருவீர்களா?

தலையாட்டினால் போதாது. மைக்கில் சொல்லுங்கள், கதவுவரை கேட்க வேண்டும்.

நன்றி, டாக்டர்.

ஜோதியம்மா, கேட்டுச்சா? செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சோத்தோட சரி. புதன்கிழமை காலையில் புள்ள எவ்வளவு அழுதாலும் ஒரு வாய் டீகூடக் கொடுக்காதீங்க.