மிதி, பிடி, விடு

— நான் எப்ப மாமா விடச் சொன்னேன்?

— இப்பத்தானே மாப்ள. “அந்தப் பேச்சை விடுங்க”ன்னியே.

— பேச்சைத்தான் விடச் சொன்னேன். பெடலை இல்ல.

— வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு “விடுங்க”ன்னா, எதைன்னு நான் கண்டேனா? காலை எடுத்துட்டேன்.

— போச்சு. எடுத்த காத்தெல்லாம் திரும்பக் குழாய்க்குள்ள போயிடுச்சு. முதல்லேர்ந்து வாங்க. சொல்றேன் கேளுங்க. நான் “மிதி”ன்னா மிதிக்கணும். “பிடி”ன்னா அமுக்கின கால் அமுக்கினபடியே இருக்கணும். அப்ப நான் நட்டைத் திறப்பேன், ஆயிலோட காத்து வெளிய வரும். நட்டை மூடிட்டு “விடு”ன்னு சொன்னப்புறம்தான் நீங்க காலை எடுக்கணும். முன்னாடியே எடுத்தா பிரேக் பஞ்சு மெத்தை மாதிரி ஆயிடும். மிதிச்சா சுகமா இருக்கும், வண்டி மட்டும் நிக்காது.

— புரியுது. நான் பல் டாக்டர். “திறங்க, மூடுங்க, துப்புங்க”ன்னு நாள் பூரா சொல்றவன்தான்.

— இன்னைக்கு நாற்காலியில நீங்க உக்காந்திருக்கீங்க. மிதி.

— மரியாதை எங்க?

— அதுக்கும் ஒரு ஏற்பாடு பண்ணிக்குவோம். மரியாதையோட சொன்னா அது பேச்சு. மரியாதை இல்லாம சொன்னா அது வேலை. இனிமே குழப்பம் வராது. மிதி.

— மிதிச்சாச்சு.

— பிடி. பிடிச்சிருக்கீங்களா?

— பிடிச்சிருக்கேன்.

— அப்ப ஒண்ணு கேக்கறேன். அக்கா கோவிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து இத்தனை நாளாச்சு. கூட்டிட்டுப் போக நீங்க ஏன் ஒருதடவைகூட வரல?

— இப்ப கேக்கற கேள்வியா இது?

— உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். வாய்க்குள்ள மிஷினை விட்டுட்டுத்தானே “பொண்ணு என்ன படிக்குது”ன்னு கேப்பீங்க? பதில் சொல்லுங்க. காலை எடுக்க முடியாது, ஓடவும் முடியாது.

— வந்தேனே, போன வாரம். உங்க வீட்டு வாசல் வரைக்கும்.

— எதுல வந்தீங்க?

— இதுலதான்.

— வந்தீங்க. நின்னீங்களா? நான் மாடியிலேர்ந்து பாத்தேன். கையை ஆட்டிக்கிட்டே தெருக்கோடி வரைக்கும் போயிட்டீங்க.

— யாராவது பிடிச்சு நிறுத்துவாங்கன்னு ஆட்டினேன் மாப்ள.

— அக்காவும் ஜன்னல்ல நின்னுதான் பாத்தா. “டாட்டா காட்டிட்டுப் போறாரு பாரு”ன்னு சொல்லிட்டு உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. விடு.

— எதை? பேச்சையா, பெடலையா?

— மரியாதை இல்லாமத்தானே சொன்னேன்? பெடலை.

— விட்டாச்சு.

— மிதி. பிடி. இப்பவாவது சொல்லுங்க. பழைய டிரம் பிரேக்கைத் தூக்கிட்டு முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் மாட்டுவோம்னு எத்தனை வருஷமாத் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்? “ஒரிஜினல் மாறக்கூடாது, கம்பெனிக்காரன் போட்ட திருகாணி கூட மாறக்கூடாது”ன்னு பிடிச்ச பிடியில நின்னீங்க.

— பழைய ஸ்போர்ட்ஸ் கார்னா அதான் மாப்ள மதிப்பு.

— ஊர்ல பாதிப் பேர் வாயில ஒரிஜினல் பல்லைப் பிடுங்கிட்டுப் புதுசு வச்சது யாரு?

— பல்லு வேற.

— பல்லு வேறதான். பல்லு இல்லேன்னா நல்லா மெல்ல முடியாது, அவ்வளவுதானே. உங்க பிரேக்குக்குப் பல்லே இல்ல. பொக்கை வாயன் கரும்பைக் கடிச்ச மாதிரி சக்கரத்தை எச்சில் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. விடு.

— விட்டாச்சு. அதையே நம்பித்தானே இத்தனை வருஷம் ஓட்டினேன்.

— எங்க ஓட்டினீங்க? பள்ளிக்கூடத்துக்குள்ள. மிதி. பிடி.

— ஒருதடவை.

— அந்த ஒரு தடவை போதாதா? அக்கா தலைமை ஆசிரியை. காலைக் கூட்டத்துல மைக் முன்னாடி நின்னு “வரிசையா நில்லுங்க, அசையாம நில்லுங்க”ன்னு சொல்லிட்டு இருக்கா. பிள்ளைங்க நின்னுச்சு. வாத்தியாருங்க நின்னாங்க. கேட்டைத் தாண்டி வந்த உங்க காரு, அந்தச் சிவப்பி மட்டும் நிக்கல.

— ஹார்ன் அடிச்சேனே.

— ஹார்ன் நல்லா வேலை செய்யுது, அதுல குறை சொல்ல முடியாது. பிள்ளைங்க ரெண்டா பிரிஞ்சு வழிவிட, நீங்க நடுவுல ஊர்வலம் மாதிரி போயி, தண்ணித் தொட்டியில முட்டி நின்னீங்க. மைக் ஆன்லயே இருந்துச்சு. அக்கா சொன்ன வார்த்தை தெருவுக்கே கேட்டுச்சாம்.

— என்ன சொன்னா? எனக்குத் தொட்டி உடைஞ்ச சத்தத்துல கேக்கல.

— “என் வீட்டுக்காரர்.” அவ்வளவுதான் சொன்னா. அதுக்கே பிள்ளைங்க கை தட்டிடுச்சாம். விடு.

— விட்டாச்சு. பாவம்.

— யாரு?

— தொட்டி.

— நீங்க திருந்த மாட்டீங்க. சரி, அந்தப் பக்கச் சக்கரத்துக்கு வரேன். காலைக் கொஞ்சம் ஆட்டிக்குங்க, மரத்துப் போயிருக்கும்.

— மாப்ள, உங்க அக்கா அங்க சௌக்கியமாத்தான் இருக்காளா?

— அவ சௌக்கியமா இருக்கா. நாங்கதான் இல்ல. என் பட்டறையைப் பாருங்க. ஸ்பேனரெல்லாம் உயர வரிசையில நிக்குது. வேலைக்கு வர்ற ஆளுங்களைக் காலையில நகத்தைக் காட்டச் சொல்றா. மெக்கானிக் நகம் எப்படி மாமா இருக்கும்? நேத்து ஒருத்தனை வெளிய நிக்க வச்சுட்டா. வண்டி விடவந்த ஆளு மாமா அவரு, கஸ்டமர்.

— என்ன தப்பு பண்ணினாராம்?

— பேசினாராம். மிதி.

— மிதிச்சாச்சு.

— பிடி. பெடல் எப்படி இருக்கு?

— கெட்டியா இருக்கு.

— சீக்கிரமே கெட்டியாயிடுச்சே. நல்லதுதான். மாமா, இப்ப நிஜமாவே ஒரு விஷயம். அக்காவுக்கு மாற்றல் வந்திருக்கு. எங்கேயோ மலையடிவாரத்துல பெரிய பள்ளிக்கூடம். வேணும்னா போகலாம், வேணாம்னா இங்கேயே இருக்கலாம். நாளைக்குக் காலையில பதில் சொல்லணும்.

— தெரியும்.

— தெரியுமா?

— நேத்து போன்ல அவளே சொன்னா.

— பேசினாளா? உங்ககூடப் பேசவே மாட்டேன்னுல்ல என்கிட்ட சொன்னா. நேத்து ராத்திரி நான் உங்களுக்காக எவ்வளவு பேசினேன் தெரியுமா? “மாமா மனசு மாறிட்டாரு, டிஸ்க் பிரேக்குக்கே ஒத்துக்கிட்டாரு”ன்னேன். “தம்பி, அந்த மனுஷனை விடு”ன்னா. மாமா? ஆயில் ஏன் உள்ள போகுது? மாமா, கால் எங்க?

— எடுத்துட்டேன்.

— ஏன்?

— நீதானே “விடு”ன்ன. மரியாதை இல்லாம.

— அது அக்கா சொன்னது!

— அதான் எடுத்துட்டேன்.

— சரி… சரி. மறுபடியும் எடுப்போம். முகத்தைத் தொங்கப் போடாதீங்க, அடியிலேர்ந்து பாத்தாலே தெரியுது. அவ அப்படிச் சொன்னாலும் மதியத்துக்கு மேல வரேன்னுதான் சொல்லியிருக்கா. பெட்டியோட இங்க வந்து ஏறுவா. ஒரு சுத்து சுத்திட்டு உங்க வீட்டு கேட்டுக்கு நேரா வரும்போது “நிறுத்துங்க”ன்னு சொல்லுவா. கேட்டுக்கு நேரா நின்னா, இறங்கி உள்ள வருவா. ஒரு முழம் தாண்டிப் போனாலும் இறங்க மாட்டா. நேரா பஸ் நிலையத்துல விடச் சொல்லுவா.

— அங்க மட்டும் எப்படி நிறுத்துவேனாம்?

— இதெல்லாம் அவகிட்ட கேட்டுடாதீங்க. மிதி.

— மிதிச்சாச்சு. மாப்ள, போன்ல இன்னொண்ணும் சொன்னா. “ஒருநாள் நிக்கறது பெரிசில்ல. என்னைக்கும் நிக்கணும்”னா.

— பிடி. நான் மாட்டின டிஸ்க் என்னைக்கும் நிக்கும் மாமா. எழுதித் தரட்டுமா?

— எழுதிக் கொடுத்தா பிழை திருத்துவா.

*

— பெட்டியை எங்க வைக்கறது?

— மடியிலதான் வச்சுக்கணும். ரெண்டு பேருக்கான வண்டி இது, பெட்டிக்கு இடம் விடல.

— கல்யாணத்தன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க. எதைப் பிடிச்சுக்கறது?

— பெட்டியையே பிடிச்சுக்க.

— பெட்டியை எது பிடிச்சுக்கும்? சரி. கிளம்புங்க.

— கிளம்பியாச்சு.

— மெதுவாப் போறீங்களே.

— அது மெதுவாப் போகுது.

— என்கூட வர்றதுன்னாலே உங்க மூத்த சம்சாரம் இந்தச் சிவப்பிக்கு மூஞ்சி சுருங்கிடும். எனக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்தவளாச்சே.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு.

— பள்ளிக்கூடம் வருது. வாட்ச்மேன் ஏன் ஓடறாரு?

— கேட்டை மூடறதுக்கு.

— இன்னைக்கு லீவு. கேட்டு மூடித்தானே இருக்கும்?

— நம்ம சத்தம் கேட்டு இன்னொரு பூட்டும் போடறாரு போல.

— பிள்ளைங்க எனக்கு என்ன பேரு வச்சிருக்காங்க தெரியுமா?

— தெரியாது.

— “பிரேக் மிஸ்.” இருபது வருஷமா ஒரு பேரும் வைக்க முடியாம இருந்தாங்க. நான் இடம் கொடுக்கல. நீங்க கொடுத்தீங்க.

— தப்புதான்.

— என்ன?

— தப்புதான்னு சொன்னேன்.

— கார்ல வச்சு நீங்க இந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்ல. ஏதோ தீயற வாடை வருது.

— புது பிரேக். ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்.

— நான் ஏன் கோவிச்சுக்கிட்டுப் போனேன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?

— பள்ளிக்கூடத்துல பேரு கெட்டதால.

— இல்ல. தண்ணித் தொட்டியில முட்டினதும் இறங்கினீங்க. பிள்ளைங்க நிக்குது, நான் நிக்கறேன். நேரா முன்னாடி ஓடிப்போயி பம்பர் நசுங்கிச்சான்னு பாத்தீங்க. அப்புறம்தான் என்னைப் பாத்தீங்க.

— நீ நசுங்கலைன்னு முதல்லயே தெரிஞ்சுது.

— ரோட்டைப் பாருங்க. நம்ம தெரு வந்துடுச்சு.

— பாக்கறேன்.

— மைக்கு இல்ல. ஒருதடவைதான் சொல்லுவேன்.

— சரி.

— நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன்.

— நின்னுடுச்சா?

— நின்னுடுச்சு.

— கேட்டுக்கு நேரா?

— எட்டிப் பாரு.

— நேராத்தான் நிக்குது. நம்பவே முடியல. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. நாளைக்கும் நிக்குமா?

— நிக்கும்.

— அடுத்த வாரம்?

— நிக்கும்.

— அடுத்த வருஷம்?

— இதே மாதிரி நிக்கும்.

— உங்க பேச்சை நம்பலாமா?

— இந்தத் தடவை நம்பலாம்.

— சரி. கதவைத் திறங்க. பெட்டியைப் பாத்து எடுங்க, கனம். சாவி எங்க வச்சிருக்கீங்க? பழைய இடத்துலதானா?

— பழைய இடத்துலதான்.

*

— மாமா! தெருமுனையில ஸ்கூட்டரை நிறுத்திட்டுப் பாத்துட்டேதான் இருந்தேன். நின்னுச்சு பாத்தீங்களா? என்னமா நின்னுச்சு! அக்கா எங்க?

— உள்ள போயிட்டா.

— பெட்டி?

— அதுவும்.

— அப்பாடா. இனிமே என் பட்டறையில மனுஷங்க பேசலாம். சரி, நடுவழியில இருக்கு, எடுத்து ஷெட்டுல விடுங்க.

— வராது மாப்ள.

— ஏன் வராது? நியூட்ரல்ல போடுங்க, நான் தள்ளறேன். அடேயப்பா… என்ன இது? மலையைத் தள்ற மாதிரி இருக்கு. பிரேக்லேர்ந்து காலை எடுங்க.

— எடுத்து ரொம்ப நேரமாச்சு. நான் வெளியதானே நிக்கறேன்.

— அட ஆமா. ஐயோ, சக்கரம் சுடுது! பிடிச்ச பிரேக் விடவே இல்ல மாமா. பூட்டிக்கிச்சு.

— நல்லா வேலை செஞ்சிருக்க.

— நான் இப்படிச் செய்யலையே! சொல்றேன் கேளுங்க. பழைய டிரம் பிரேக்குக்கு, ஆயிலைத் தள்ற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஒரு பொடி வால்வு வச்சிருப்பான். காலை எடுத்தாலும் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடிச்சு வச்சுக்கும். டிரம்முக்கு அது வேணும். டிஸ்க்குக்கு அது இருக்கவே கூடாது. இருந்தா பிரேக் விடாம உரசும், போகப் போகச் சூடேறி இப்படிப் பூட்டிக்கும். அதனாலதான் காலையில முதல் வேலையா அதைக் கழட்டிப் பெஞ்ச் மேல வச்சேன். உங்ககிட்டகூட காட்டினேன், இது எதுக்குன்னு சொன்னேன்.

— சொன்ன.

— அப்புறம் பிரேக் ஆயில் வாங்கக் கடைக்குப் போனேன்.

— போன.

— நீங்க மட்டும்தான் பட்டறையில இருந்தீங்க.

— இருந்தேன்.

— மாமா… அதைத் திரும்ப உள்ள வைக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. பொத்தான் ஓட்டை அளவு வழி. இடுக்கியால பிடிச்சு, கை நடுங்காம வைக்கணும்.

— நடுங்கல.

— உயிரா வச்சிருந்த வண்டி மாமா இது! இப்படியே விட்டா இனி ஒரு அடி நகராது, துருப்பிடிச்சு வாசல்லயே உக்காந்துடும். தள்ளுங்க, நான் அடியில போயி இப்பவே அதைக் கழட்டிடறேன்!

— மெதுவாப் பேசு மாப்ள. அவ இப்பத்தான் பெட்டியைப் பிரிக்கறா.