புது டயர் போட்டால்தான் எடுப்பாராம்

அம்மா: அதை உருட்டாதே. நான் பார்த்துக்கிட்டிருக்கேன்ல?

மகன்: டயர்ல பார்க்க என்னம்மா இருக்கு? கறுப்பா இருக்கு, வட்டமா இருக்கு. நாலு எடுத்து மாட்டச் சொல்லிட்டுக் கிளம்பலாம்.

அம்மா: நீ சட்டை வாங்கறதும் இப்படித்தான். அதான் ஒரு பக்கத் தோள் தொங்குது.

மகன்: என் சட்டைக்கு என்ன...

கடைக்காரர்: வாங்கம்மா. வாங்க சார். டயர் காட்டறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேப்பேன். கடை திறந்த நாள்லேர்ந்து அதான் வழக்கம். பதில் வந்தாத்தான் டயர் வரும்.

மகன்: பரீட்சையா அண்ணே?

கடைக்காரர்: அப்படியே வெச்சுக்குங்க. முதல் கேள்வி. வண்டியை யார் ஓட்டறது?

அம்மா: நான்.

மகன்: அம்மாதான்... இப்போதைக்கு.

அம்மா: அதென்ன இப்போதைக்கு?

மகன்: சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

கடைக்காரர்: ரெண்டாவது. எங்கெங்கே ஓட்டுவீங்க?

மகன்: வீடு, காய்கறிக் கடை, திரும்ப வீடு. அவ்வளவுதான்.

அம்மா: இவன் வேற ஊர்ல இருக்கான். ரெண்டு நாள் லீவுல வந்திருக்கான். இவனைக் கேக்காதீங்க தம்பி, என்னைக் கேளுங்க. வாரத்துல மூணு நாள் காலையில நீச்சல் குளம். வர்ற வழியில கூட நீந்தறவங்களை அவங்கவங்க வீட்ல இறக்கி விடணும். அப்புறம் ஆஸ்பத்திரி, நூலகம், ரயிலடி. மாசத்துக்கு ஒரு நாள் மலை மேல இருக்கற ஏரி.

மகன்: எந்த மலை?

அம்மா: இருக்கு ஒரு மலை.

மகன்: மலைன்னா குளிர் காலத்துல பனி கொட்டுமேம்மா!

அம்மா: கொட்டட்டுமே. நாலு பேர் போறோம். ஒருத்தர் பனியைப் பார்ப்பார், ஒருத்தி மேப்பைப் பார்ப்பா, நான் ரோட்டைப் பார்ப்பேன்.

கடைக்காரர்: நாலாவது ஆள்?

அம்மா: அவ ஏறினதும் தூங்கிடுவா.

கடைக்காரர்: வெயில், மழை, பனி மூணும் இருக்கு. அப்போ எல்லாப் பருவத்துக்கும் தாங்கற ஆல் சீசன் டயர்தான் சரி. வெயில்ல இளகாது, குளிர்ல விறைக்காது. இப்போ மூணாவது கேள்வி. வண்டியை இன்னும் எவ்வளவு நாள் வெச்சுக்கறதா உத்தேசம்?

அம்மா: பத்து வருஷம்.

மகன்: ஒரு வாரம்.

அம்மா: என்னது?

மகன்: ஒரு... ஒரு வாரம் யோசிச்சுச் சொல்றேன்னேன்.

கடைக்காரர்: பத்து வருஷத்துக்குத் தாங்கற டயரும் எங்கிட்ட இல்ல, ஒரு வாரத்துக்கு வர்ற டயரும் இல்ல சார். ரெண்டு பேரும் உங்களுக்குள்ள பேசி ஒரு கணக்குக்கு வாங்க.

அம்மா: நீங்க பேசிக்கிட்டிருங்க. அந்த மூலையில பக்கவாட்டுல மலைப் படம் போட்டு ஒண்ணு நிக்குதே, நான் அதைப் பார்த்துட்டு வர்றேன்.

மகன்: பாரும்மா. ஆனா மோந்து பார்க்காதே!

அம்மா: மோந்து பார்த்தா உனக்கென்ன?

மகன்: ...போயிட்டாங்களா? அண்ணே, கிட்ட வாங்க. அம்மா அந்த மூலைக்குப் போயிட்டாங்களா?

கடைக்காரர்: போயிட்டாங்க. மோந்தும் பார்க்கறாங்க.

மகன்: இருக்கறதுலயே விலை கம்மியான ஆல் சீசன் எதுவோ அதைப் போட்டு விட்டுருங்க. வண்டியை விக்கப் போறேன்.

கடைக்காரர்: அம்மாவுக்குத் தெரியுமா?

மகன்: வித்துட்டுச் சொல்லலாம்னு...

கடைக்காரர்: வித்துட்டா? காரா, பழைய பேப்பரா?

மகன்: வண்டி என் பேர்லதான் இருக்கு. எனக்கு மட்டும் ஆசையா அண்ணே? அவங்களுக்கு அறுபத்தொன்பது வயசு. தனியா இருக்காங்க. போன மாசம் மழையில ரவுண்டானாவுல திரும்பறப்போ வண்டி அப்படியே சறுக்கி நடைபாதையில ஏறிடுச்சு. தபால் பெட்டிக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அன்னியிலேர்ந்து அவங்க நம்பர்லேர்ந்து போன் வந்தா, கையில இருக்கற வேலையைப் போட்டுட்டு ஓடிப் போய் எடுக்கறேன்.

கடைக்காரர்: அதைச் சொல்லியே வேணாம்னு சொல்லலாமே?

மகன்: அந்தம்மாகிட்டயா? கார்தான் என் காலுன்னு சொல்லுவாங்க. நீங்க சொல்லிப் பாருங்களேன்.

கடைக்காரர்: ஐயையோ, நான் டயர்க் கடை. சரி, விக்கற வண்டிக்கு எதுக்குப் புது டயர்?

மகன்: அங்கேதான் வந்து மாட்டிக்கிட்டேன். விளம்பரம் போட்டு ஒரே ஒரு ஆள்தான் கிடைச்சார். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்னார். ஆனா நாலும் புதுசாப் போட்டால்தான் எடுப்பாராம். அதுவும் ஆல் சீசனாத்தான் இருக்கணுமாம். வேற எதைப் போட்டாலும் வேணாம்ட்டார்.

கடைக்காரர்: விவரமான ஆளு.

மகன்: விவரம்னா விவரம்! போட்டோவைப் பார்த்தே டயரை மாத்தணும்னு சொல்லிட்டார். மழை பெய்ஞ்சா டிக்கிக்குள்ள தண்ணி இறங்குமேன்னு வேற கேக்கறார்.

கடைக்காரர்: போட்டோவுல டிக்கிக்குள்ள எப்படித் தெரியும்?

மகன்: அனுபவம் அண்ணே. சில பேருக்குக் கண்ணு அப்படி... உஷ், வர்றாங்க.

அம்மா: ரெண்டு பேரும் தலையை ஒட்டி வெச்சுக்கிட்டு என்ன ரகசியம்?

மகன்: காத்து எவ்வளவு அடிக்கணும்னு கேட்டுக்கிட்டிருந்தேன்.

அம்மா: காத்துக்கா இவ்வளவு குசுகுசு? தம்பி, எனக்கு அந்த மலைப் படம் போட்டதுதான் வேணும். அந்தப் படம் என்ன, அழகுக்கா?

கடைக்காரர்: இல்லம்மா. மலையும் நடுவுல பனிப் பூவும் போட்டிருந்தா, பனியில ஓட்டிச் சோதிச்சுப் பார்த்த டயர்னு அர்த்தம். நகத்தால அமுக்கிப் பாருங்க. எப்படிப் பதியுது! ரப்பர் மெத்துனு இருந்தாத்தான் ஈர ரோட்டைப் பிடிக்கும்.

மகன்: இதோ இதுவும் ஆல் சீசன்தான். இதுக்கு என்னவாம்?

கடைக்காரர்: இதுவும் நல்ல டயர்தான் சார். கொஞ்சம் சத்தம் போடும். பனியில சுமார். பிரேக் அடிச்சா நாலடி தள்ளி நிக்கும்.

அம்மா: அந்த நாலடியில யாராவது நின்னுக்கிட்டிருந்தா?

மகன்: நீ எதுக்கும்மா பிரேக் அடிக்கற? மெதுவாப் போ.

அம்மா: ஏன்டா, மெதுவாப் போறவ பிரேக்கே அடிக்க வேணாமா? நல்லா இருக்கே உன் நியாயம்!

மகன்: சரி, நடுவுல ஒரு வழி. முன்னாடி ரெண்டுக்கு மலைப் படம், பின்னாடி ரெண்டுக்கு...

கடைக்காரர்: அது மட்டும் வேணாம் சார். முன்னாடி ஒரு பேச்சு, பின்னாடி ஒரு பேச்சுன்னு ஆயிடும். மழையில வண்டியோட வாலு தனியா ஆடும்.

அம்மா: முன்னாடி ஒரு பேச்சு பின்னாடி ஒரு பேச்சுன்னா இவனுக்குப் பிடிக்கும் தம்பி.

மகன்: இப்போ எதுக்கும்மா இந்தக் குத்தல்?

அம்மா: டயரைத்தான் சொன்னேன்.

கடைக்காரர்: சண்டை போடாதீங்க. வண்டியைத் தூக்கி வெச்சுட்டேன். இப்படி வந்து பழைய டயரைப் பாருங்க. எதைக் கழட்டறோம்னு பார்த்துட்டா எதை மாட்டறதுன்னு தானாத் தெரிஞ்சுடும்... அட. அம்மா, இதைப் போட்டு எவ்வளவு நாளாச்சு?

மகன்: மூணு வருஷம். நான்தான் வாங்கி அனுப்பினேன். நாலும் புத்தம் புதுசு. மேல ஒட்டின தாளைக்கூடப் பிரிக்கலை.

கடைக்காரர்: எங்கே வாங்கினீங்க?

மகன்: எங்க ஊர்ல ஒரு கடையை மூடறாங்கன்னு சரக்கையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளினாங்க. நானே போய்ப் பொறுக்கி எடுத்தேன். ஏன்?

கடைக்காரர்: இங்கே குனிஞ்சு பாருங்க. பக்கவாட்டுல கடைசியா ஒரு நாலு எண் இருக்கு பாருங்க. என்ன போட்டிருக்கு?

மகன்: மூணு, ரெண்டு... அப்புறம் ஒரு ஒண்ணு... அது ஏதோ கம்பெனி நம்பர்ல?

கடைக்காரர்: டயரோட பிறந்த தேதி சார் அது. முதல் ரெண்டு எண் எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். நீங்க வாங்கறப்பவே இதுக்கு எட்டு வயசு. கடை மூலையில தூங்கிக்கிட்டிருந்த சரக்கு. இப்போ பதினொண்ணு நடக்குது.

மகன்: ஆனா புதுசா... பளபளன்னு இருந்துச்சே.

கடைக்காரர்: பாலிஷ் போட்டா நானும்தான் பளபளப்பேன். நகத்தால அமுக்குங்க.

மகன்: இதோ, அமுக்கறேன்.

கடைக்காரர்: பதியுதா?

மகன்: இல்ல. கட்டை மாதிரி இருக்கு.

கடைக்காரர்: ரப்பர் விறைச்சுப் போச்சு. இதோ பாருங்க, ஓரமெல்லாம் வெடிப்பு. காய்ஞ்ச ரோட்டுல எப்படியோ ஓடிடும். மழையில இதை மாட்டிக்கிட்டு ரவுண்டானாவுல திரும்பினா, நானே ஓட்டியிருந்தாலும் நடைபாதையிலதான் ஏறியிருப்பேன். முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன். தபால் பெட்டிக்கு முன்னாடி நிறுத்தினாங்களே, அதுக்கே அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடணும்.

அம்மா: தபால் பெட்டியா? நான் எப்போ உங்ககிட்ட தபால் பெட்டியைப் பத்திச் சொன்னேன்?

கடைக்காரர்: அது... நான் போய் ஸ்பேனர் எடுத்துட்டு வர்றேன்.

மகன்: நான்தான்மா சொன்னேன்.

அம்மா: ம்.

மகன்: அம்மா...

அம்மா: இரு. கொஞ்சம் இரு. அப்போ அன்னைக்கு நான் ஒண்ணும் தப்பாத் திருப்பலையா?

மகன்: இல்லம்மா. நான் வாங்கிக் கொடுத்த டயர்தான்.

அம்மா: ரெண்டு தடவை கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன்டா. அவர் எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொன்னார். நான்தான் நம்பலை. தூறல் போட்டாலே சாவியைத் தொடறதில்ல இப்போ. கை நடுங்குதோன்னு டம்ளர்ல தண்ணி ஊத்தி ஊத்திப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

மகன்: ஏன்மா எங்கிட்ட சொல்லலை?

அம்மா: சொன்னா நீ சாவியைப் பிடுங்கிக்குவே.

மகன்: ...அண்ணே! ஸ்பேனர் கிடைச்சுதா?

கடைக்காரர்: கையிலதான் இருக்கு சார். நீங்க பேசி முடிக்கட்டும்னு நின்னேன்.

மகன்: மலைப் படம் போட்டதையே மாட்டுங்க. நாலும்.

கடைக்காரர்: மூணாவது கேள்விக்கு இன்னும் பதில் வரலையே?

மகன்: அம்மா சொன்ன பதில்தான். அந்த நாலு எண்ணையும் காட்டுங்க முதல்ல. எத்தனாவது வாரம்னு நானே பார்க்கறேன்.

அம்மா: பார்றா! இப்போ இவன் டயருக்கு ஜாதகம் பார்க்கறான்.

மகன்: போன மாசம் பிறந்தது. சரி, மாட்டுங்க. அம்மா, இப்படி உக்காரு. ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

அம்மா: சொல்லு.

மகன்: வண்டியை விக்கறதா விளம்பரம் போட்டிருந்தேன். உங்கிட்ட கேக்காம.

அம்மா: அப்படியா?

மகன்: ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வர்றதா இருக்கார்.

அம்மா: அப்படியா?

மகன்: என்னம்மா, வெறும் அப்படியாதானா? திட்டு.

அம்மா: வீட்டுக்குப் போய்த் திட்டறேன். முதல்ல அவருக்குப் போனைப் போட்டு இல்லேன்னு சொல்லு. பாவம், காத்துக்கிட்டிருப்பார்.

மகன்: ஆமாம், அது நியாயம்... ஹலோ, வணக்கம் சார். கார் விஷயமா பேசினேனே, நான்தான்... ஆமாம், டயர் போட்டாச்சு. ஆல் சீசன்தான். மலைப் படம் போட்டதுதான் சார்... இல்ல, சொல்ல வந்தது என்னன்னா, வண்டியை விக்கலை. அம்மாவே வெச்சுக்கறாங்க. மன்னிச்சுக்குங்க, உங்களை அலைக்கழிச்சுட்டேன்... ஹலோ? சார்? ...வெச்சுட்டார்.

அம்மா: என்ன சொன்னார்?

மகன்: நல்லாத் திட்டுவார்னு பார்த்தேன். "அப்பாடா"ன்னு ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் ஒரே சிரிப்பு.

அம்மா: சிரிச்சாரா? அடப் பாவி மனுஷா! சிரிக்காதீங்க, சிரிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே...

மகன்: யார்கிட்ட சொன்னே?

அம்மா: யார்கிட்டயும் இல்ல. டயர் மாட்டியாச்சான்னு பாரு.

மகன்: அம்மா. யார்கிட்ட?

அம்மா: விளம்பரம் போடறவன் போட்டோவைப் பார்த்துப் போட வேணாமா? காருக்குப் பின்னாடி கொடியில என் நைட்டி காயுது. நீச்சல் குளத்துல எல்லாரும் இது உங்க வண்டியாச்சேன்னு கேட்டுட்டாங்க.

மகன்: அப்போ அந்த ஆளு உன்கூட நீச்சலுக்கு வர்றவரா? டிக்கியில தண்ணி இறங்கறதெல்லாம்...

கடைக்காரர்: போட்டோவுல எப்படித் தெரியும்னு நான் அப்பவே கேட்டேன் சார்.

மகன்: நீங்க சும்மா இருங்க அண்ணே! அம்மா, டயர் போட்டதுக்கப்புறம் நிஜமாவே ஞாயித்துக்கிழமை வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிருந்தார்னா?

அம்மா: அவர் எங்கேடா எடுத்துட்டுப் போறது, அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, வியாழக்கிழமை பல் டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போகணும்.