கண்மாய்ப் பிட்ச்சுக்கு நன்றி

ஒரே ஒரு ஓவர் மட்டை பிடிக்க வேண்டும் என்று கேட்டேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நான் கேட்கவே கூடாது என்று சொல்லி வளர்த்தது அது ஒன்றைத்தான். மற்றபடி படிக்கவைத்தார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். இயற்பியல்.

என் தம்பி தவசியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்திய அணிக்குப் போன இரண்டாம் வருஷமே அதிவேகச் சதச் சாதனையை உடைத்தவன். பந்தல்குடி ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஐயாத்துரையின் மகன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவனுக்குப் பந்து எறிந்தவள் நான். வறண்டு கிடக்கும் கண்மாய்க்குள் களிமண்ணை நனைத்து, மணல் நிரப்பிய டிரம்மை உருட்டிப் பிட்ச் போட்டதும் நான்தான். பெரிய ஆளான பிறகும் ஒவ்வொரு தொடருக்கு முன்பும் ஊருக்கு வந்து, என் பந்தை ஆடிவிட்டுத்தான் விமானம் ஏறுவான். அவனுக்கு அது ராசி.

அப்பாதான் அம்பயர். "அவன அவுட் ஆக்கு, மட்டைய வாங்கிக்கோ. சும்மா கேக்கப்படாது." இதுதான் சட்டம். நியாயமான சட்டம். காலேஜில் சேர்ந்த வருஷம் நடு ஸ்டம்பைச் சாய்த்தேன். அப்பா நோ பால் என்றார். தவசி சிரித்தான்: "யக்கா, குச்சிய நட்டு வையி."

சாதனை படைத்த அன்று டிவியில் பேசினான். அப்பாவுக்கு நன்றி சொன்னான். கண்மாய்ப் பிட்ச்சுக்கும் நன்றி சொன்னான்.

போன வாரம் அவன் வந்தபோதுதான் அந்த ஒரு ஓவரைக் கேட்டேன். அப்பா செல்போனிலிருந்து நிமிரவில்லை. "படிச்ச கழுதைக்குச் சட்டம் தெரியாதோ? அவுட் ஆக்கிட்டுக் கேளு."

சரி என்றேன். அன்று சாயங்காலம் பிட்ச்சை நனைக்கும்போது, என் பந்து வழக்கமாக விழும் இடத்தில் ஒரு ஓடைக்கல்லைப் புதைத்தேன். மேலே களிமண் பூசி, டிரம்மை உருட்டினேன். பந்து எகிறும், மட்டை விளிம்பில் பட்டுக் கேட்ச் போகும் என்று கணக்கு. கேட்ச் பிடிக்க அங்கே ஆள் கிடையாது.

முதல் ஓவருக்கு அவன் ஹெல்மெட் போடமாட்டான். அப்பா வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார், மூஞ்சி தெரிய வேண்டும். அது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் மூன்றாவது பந்து கல்லில் பட்டது. இடது கண்.

பார்வை திரும்பாது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பிட்ச் வெடிப்பில் பட்டுப் பந்து எகிறிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதிலும் பேர் பிட்ச்சுக்குத்தான்.

இன்று அவன் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன். "மட்டையக் குடு, தவசி."

"எதுக்கு?"

"அவுட் ஆயிட்டேல்ல."

கட்டுப் போட்ட முகத்தோடு சிரித்தான். "மூஞ்சில பட்டா அவுட்டா, யக்கா? படிச்சவதான நீ? ஒத்தக் கண்ணு போதும், நான் ஆடுவேன். ஊருக்கு வந்ததும் நீயே போடு. மொத ஓவரு எப்பவும் போல."

"அவ போடாம வேற யாரு போடுவா," என்றார் அப்பா.

தவசி சொன்னது சரிதான். அது அவுட் இல்லை. சட்டத்தை மீறி நான் எதையும் எடுத்துக்கொண்டதில்லை.

"போடுறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அருப்புக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் பிட்ச்சை நனைத்துவிடலாம். மேலே மட்டும் கொஞ்சம் மண் பூச வேண்டும். கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.